“இந்தப் பெட்டியை மறுபடி பயன்படுத்தாதே”

வீட்டில் பிறந்த வாத்தியங்கள் – 9

சென்ற வாரம் மிசிசிப்பிப் பருத்திக் காட்டில், ஒரு குடிசைச் சுவருக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். துடைப்பத்தைக் கட்டிய கம்பியைப் பிரித்து, சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டி, இரு முனையிலும் கம்பிக்கு அடியில் பாட்டிலைச் செருகினால் சுவர் முழுவதும் பாடும் என்று பார்த்தோம். எல்மோர் ஜேம்ஸ் உட்பட எத்தனையோ ப்ளூஸ் கலைஞர்களுக்கு அந்த ஒற்றைக் கம்பிதான் முதல் வாத்தியார். அதில் ஒரே ஒரு சங்கடம். சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வாரத்துக்குப் பயிர் வைத்த கறுப்பினக் குடும்பங்கள் ஆண்டுக் கடைசியில் பண்ணையாரிடம் கணக்கு முடிப்பார்கள். கடன் போகக் கையில் ஒன்றும் நிற்காது. தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணையைத் தேடிக் கிளம்புவார்கள். ஆணியும் கம்பியும் கூட வரலாம், சுவர் வராது. கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு சின்னச் சுவர் அந்த வீட்டுப் பையனுக்குத் தேவைப்பட்டது.

அது சுருட்டுக் கடையில், காலிப் பெட்டிகளின் குவியலில் கிடைத்தது.

சுருட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல்லும் உறையூரும் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர்கள் ‘செரூட்’ என்று சொல்வதே நம் ‘சுருட்டு’ என்ற சொல்லைத்தான். ஆனால் பெட்டியின் கதை அமெரிக்காவுடையது. 1840க்கு முன்பு அங்கே சுருட்டைப் பீப்பாய்களிலும் பெரிய மரப்பெட்டிகளிலும் நூற்றுக்கணக்கில் அடுக்கி அனுப்பினார்கள். கடைக்காரர் கையால் எடுத்து எண்ணிக் கொடுப்பார். அதன் பிறகுதான் இருபது, ஐம்பது என்று கொள்ளும் சின்னப் பெட்டிகள் மெல்ல நடமாடத் தொடங்கின. மெல்லிய பலகை, சிறு ஆணிகள், மூடி. பெட்டி வீட்டுக்கு வந்ததும் வாத்தியமும் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது.

எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) ஃபிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகைக்காக வடக்குப் படைகளோடு முகாம் முகாமாகத் திரிந்தவர். புகைப்படக் கருவி ஓடுகிற குதிரையைப் பிடிக்க முடியாத காலம் அது. போரைப் பத்திரிகைக்குள் கொண்டுவர ஓவியரின் பென்சில்தான் வேண்டும். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, தன் குறிப்பேட்டு ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி, ‘பெரும் படையின் வாழ்க்கைச் சித்திரங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1876இல் தொகுப்பாக வெளியிட்டார். அதில் ஒரு படம். முகாமில் இரண்டு படைவீரர்கள். ஒருவர் கையில் பிடில். அந்தப் பிடிலின் உடம்பு ஒரு சுருட்டுப் பெட்டி. பெட்டியின் மேல் ‘ஃபிகாரோ’ என்ற சுருட்டின் பெயர் படிக்கும்படி தெளிவாக இருக்கிறது. சுருட்டுப் பெட்டி வாத்தியத்துக்கு நாம் அறிந்த மிகப் பழைய படச்சான்று இதுதான்.

அந்தப் பெயரை ஃபோர்ப்ஸ் ஏன் விடாமல் செதுக்கினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வழவழப்பான பிடில் ஒன்றை வரைந்துவிட்டுப் போயிருக்கலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கண்ட பொருளைக் கண்டபடி வரைந்த அந்த நேர்மையால்தான் நமக்கு வரலாறு கிடைத்தது. இன்னொரு பொருத்தமும் அதில் அமைந்துவிட்டது. ஃபிகாரோ, பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷே படைத்த நாவிதன். 1775இல் மேடையேறிய ‘செவில் நகரத்து நாவிதன்’ நாடகத்தில் அவன் முதன்முதலாக நுழையும்போதே முதுகில் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான்.

படைமுகாமில் ஒன்றும் ஊரில் இரண்டுமாக இருந்த வழக்கம் நாடு முழுக்கப் பரவியதற்கு ஒரு வரிச் சட்டம் காரணம். இந்தத் தொடரில் நான் எழுதப் போகும் காரணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். 1862 ஜூலை 1 அன்று லிங்கன் கையெழுத்திட்ட வருவாய்ச் சட்டம், கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் வரி போட்டது, சுருட்டும் தப்பவில்லை. ஆனால் பீப்பாயில் கொட்டிக் கிடக்கும் சுருட்டுக்கு எப்படிக் கணக்கெடுப்பது? எது வரி கட்டியது, எது கட்டாதது? போர் முடியும் தறுவாயில், சுருட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்றானது. 1868 ஜூலையில் வந்த சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது. பெட்டிக்கு 25, 50, 100, 250, 500 என்ற கணக்கில்தான் அடைக்கலாம். வரி முத்திரைத்தாளை, பெட்டியைத் திறந்தால் கிழிகிற மாதிரி ஒட்ட வேண்டும். முக்கியமான விதி இதுதான்: ஏற்கெனவே சுருட்டு அடைத்த பெட்டியில் மறுபடி அடைக்கக் கூடாது. கிழியாத முத்திரையோடு பழைய பெட்டி கிடைத்தால் வரி கட்டாத சுருட்டை அதில் நிரப்பி விற்றுவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்குப் பயம். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எச்சரிக்கைச் சீட்டு. இந்தச் சுருட்டைத் தயாரித்தவர் சட்டப்படி நடந்திருக்கிறார், இந்தப் பெட்டியைச் சுருட்டுக்கு மறுபடி பயன்படுத்தினால் தண்டனை உண்டு என்று அதில் அச்சிட்டிருக்கும். தொழிற்சாலையின் எண்ணும் வரி மாவட்டத்தின் எண்ணும் மாநிலத்தின் பெயரும் அதிலேயே இருக்கும்.

நல்ல மரத்தில், நான்கு மூலையும் சதுரமாக, மூடியோடு செய்த பெட்டி. ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அது குப்பை. கடைக்காரருக்கும் வேண்டாம், தயாரித்தவருக்கும் வேண்டாம். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சுருட்டு புகைத்த நாட்டில் எத்தனை பெட்டி காலியாகியிருக்கும்! அம்மாக்கள் அதில் ஊசி நூல் போட்டுவைத்தார்கள், பிள்ளைகள் கோலிக்குண்டு போட்டுவைத்தார்கள். கம்பி கட்டிப் பார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றியது.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பானிய சீடர் என்பார்கள். உண்மையில் அது சீடர் இனமே அல்ல. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வளர்கிற, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். வேம்பைப் போலவே பூச்சி அண்டாது. அதன் வாசனை புகையிலைக்கு ஒத்துப்போகும் என்பதால் சுருட்டுக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம். எடை குறைவு, நேர்க்கோட்டு நரம்பு, அறுக்க எளிது. கிட்டார் செய்யும் நிபுணர்கள் கழுத்துப் பகுதிக்கு இன்றும் இந்த மரத்தைத் தேடிப் போகிறார்கள். ஏழைப் பையனின் கைக்கு அது இலவசமாக வந்து சேர்ந்தது.

1880களில் இது அச்சிலும் ஏறியது. டேனியல் கார்ட்டர் பியர்டு, பின்னாளில் அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், மார்க் ட்வைனின் நாவலுக்குப் படம் வரைந்தவர். ‘ஈனோஸ் மாமாவோடு கிறிஸ்துமஸ் இரவு’ என்ற 1884ஆம் ஆண்டுக் கதையில், சுருட்டுப் பெட்டியில் ஐந்து கம்பி பாஞ்சோ செய்யும் முறையைப் படம் போட்டு விளக்கினார். மெட்டு (ஸ்வர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டு) இல்லாத பாஞ்சோ அது. கதையை உதிர்த்துவிட்டு, செய்முறையை மட்டும் 1890இல் தன் புகழ்பெற்ற சிறுவர் கைந்நூலின் பின்பகுதியில் சேர்த்தார். அந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிய வீடுகளில் இது விடுமுறைப் பொழுதுபோக்கு. புத்தகம் எட்டாத வீடுகளில் இதுதான் வாத்தியம். இதை விட்டால் வேறு கிடையாது. இரண்டையும் ஒரே வரலாறாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டெக்சஸுக்குப் போவோம். சென்டர்வில் என்ற ஊரில் எட்டு வயதுப் பையன். அண்ணனிடம் கிட்டார் உண்டு, தம்பியிடம் இல்லை. ஒரு சுருட்டுப் பெட்டியை எடுத்தான். நடுவில் வட்டமாகத் துளை போட்டான். ஒரு பலகைத் துண்டை ஆணி அடித்துச் சேர்த்தான். கொசு வராமல் கதவில் அடிக்கும் வலையிலிருந்து கம்பி உருவிக் கட்டினான். கம்பிக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, பெட்டிக்குள் ஒலி இறங்கும் அளவுக்கு உயர்த்தினான். பிற்காலத்தில் லைட்னின் ஹாப்கின்ஸ் என்று உலகம் கொண்டாடிய ப்ளூஸ் மேதை, தன் முதல் வாத்தியத்தைப் பற்றி இப்படித்தான் சொன்னார். ஏறக்குறைய எழுபது வயது வரை வாழ்ந்த அந்தப் பெரியவர், அந்தக் கட்டையின் உயரத்தைக்கூட மறக்கவில்லை.

அதே டெக்சஸில் இன்னொரு பையனுக்கு, ஐந்து வயதில், அப்பாவே சுருட்டுப் பெட்டி கிட்டார் செய்து கொடுத்தார். சில ஆண்டுகளில் பையனுக்குப் பார்வை போய்விட்டது. தெருமுனைகளில் கடவுளைப் பாடிப் பிழைத்த அந்தக் குருட்டு வில்லி ஜான்சன், 1927 டிசம்பரில் டல்லஸில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அதில் சொற்களே இல்லை. முனகலும், கம்பியின் மேல் வழுக்கிப் போகும் ஓசையும்தான். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் மனித இனத்தின் சார்பாக அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பதிவும் இருக்கிறது.

ஓக்லஹோமா நகரத்துச் சார்லி கிறிஸ்டியன் தன் முதல் கிட்டாரைச் சுருட்டுப் பெட்டியில்தான் செய்து பள்ளிக்குக் கொண்டுவந்தான். அங்கேயே வளர்ந்த ரால்ஃப் எலிசன், பிறகு பெரிய நாவலாசிரியர், அதை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டியில் சார்லி வாசித்தது ஊர்ப்புறத்து ப்ளூஸ் மட்டும் இல்லையாம். அதில் பழுத்த இசைக்கலைஞர்களின் நுட்பமான ஸ்வர அடுக்குகள் இருந்தன என்கிறார். 1939இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்து எலெக்ட்ரிக் கிட்டாரை ஜாஸ் மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த அதே சார்லிதான். காசநோயில் 25 வயதில் இறந்துபோனார். டென்னஸியின் பருத்திக் கூலிக் குடும்பத்தில் பிறந்த கார்ல் பெர்க்கின்ஸ் என்ற வெள்ளைக்காரப் பையனுக்கும் சுருட்டுப் பெட்டியும் துடைப்பக் கட்டையும் சேர்த்து அப்பா செய்து கொடுத்ததுதான் முதல் கிட்டார். வறுமை நிறம் பார்ப்பதில்லை; பெட்டியும் பார்க்கவில்லை.

இனி வாத்தியத்தின் உடம்புக்கு வருவோம். வீணையின் சொற்களே இதற்குப் போதும்: தண்டி (கழுத்துக் கட்டை), குதிரை (கம்பியைத் தாங்கும் கட்டை), மெட்டு, பிருடை (கம்பியை முறுக்கும் முளை).

சாதாரணக் கிட்டாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். மூன்று கம்பி என்றாலும் அதில் பாதியாவது இருக்கும். சின்ன ஆணி அடித்த பெட்டி அந்த இழுப்பைத் தாங்காது, பிய்ந்துவிடும். அதனால் தண்டியைப் பெட்டியின் விளிம்பில் ஒட்டாமல், ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுக்கிறார்கள். கம்பியின் இரு முனையும் தண்டியிலேயே கட்டப்படும். இழுப்பு முழுவதையும் கட்டை தாங்கிக்கொள்ள, பெட்டிக்குப் பாடுகிற வேலை மட்டும் மிஞ்சுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோண்டிங் என்ற சுரைக்குடுக்கை வாத்தியத்தில் இதே அமைப்பு. அதற்கும் மூன்று தந்திதான். குடுக்கையை ஊடுருவிப் போகும் கழி, தோல் போர்த்திய முகம். அடிமைக் கப்பலில் வந்தவர்கள் வாத்தியத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது. அதன் கட்டுமானத்தைக் கைகளில் கொண்டுவந்தார்கள். பாஞ்சோ அப்படிப் பிறந்தது. சுருட்டுப் பெட்டியும் அந்த வம்சம்தான் என்பது என் துணிபு.

இந்த அத்தியாயத்துக்காக நானும் ஒன்று செய்து பார்த்தேன். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காலிப் பெட்டி. 9 அங்குல நீளம். தச்சுப்பட்டறையில் மிச்சம் கிடந்த தேக்கு ரீப்பர் ஒன்று, 36 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். பெட்டியின் பக்கவாட்டை ரம்பத்தால் அறுத்தபோது கசப்பும் இனிப்புமாக ஒரு மணம் எழுந்து அறையை நிறைத்தது. 150 ஆண்டுக்கு முந்தைய சிறுவர்களின் மூக்கிலும் இதே மணம் ஏறியிருக்கும் என்று நினைத்தபோது கையை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தண்டியை மூடியோடு ஒட்ட வைத்துப் பசை போட்டேன். கம்பி ஏற்றித் தட்டினால் ‘டொக்’ என்கிறது. ஓசை எழும் முன்பே செத்துவிடுகிறது. கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்திப் பிடித்தால் எப்படியோ அப்படி. பக்கத்துத் தெரு ஆசாரி மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டினார். “கட்டை மூடியில் படுதுங்க. மூச்சு விட இடம் குடுங்க” என்றார். பிரித்தெடுத்து, பெட்டிக்குள் போகிற பகுதியில் மட்டும் உளியால் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கினேன். மூடிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி. மறுபடி கம்பி ஏற்றினேன். பெட்டி வாய் திறந்து பாடியது.

குதிரைக்கு ஒரு போல்ட். மறை ஓடிய பள்ளத்தில் கம்பி நகராமல் உட்காரும். தலைப்பக்கமும் ஒரு போல்ட். இரண்டுக்கும் நடுவே 635 மில்லிமீட்டர். மெட்டு எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு 35.6 மில்லிமீட்டரில். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அங்கிருந்து 33.6 தள்ளி இரண்டாவது. இப்படியே போனால் 12ஆவது மெட்டு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். அது மேல் ஸட்ஜம். பழைய காலத்து வாத்தியங்கள் பலவற்றில் மெட்டே கிடையாது. உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்குவார்கள்.

கம்பி மூன்று. கிட்டார் தந்திக் கட்டில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. ஐந்தாவதை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஜி, டி, ஜி என்று அமையும். அதாவது ஸ – ப – ஸ். வீணையில் விரல் வைத்த யாருக்கும் இது சொந்த வீடு. இதில் காந்தாரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ப்ளூஸ் பாடகரின் உயிரே காந்தாரத்தில்தான் இருக்கிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், மெட்டுக்குப் பிடிபடாத ஓர் இடம். பாட்டில் கழுத்து அங்கே போய் நின்று நடுங்கும். ஆறு கம்பிக் கிட்டாரை நிறைய நாள் கேட்டவன் நான். அந்த ஒரு ஸ்வரம் மூன்று கம்பியில் ஒலித்தபோது புரிந்தது அதிகம்.

பிறகு என்ன ஆயிற்று? தபால் வழியே வாங்கும் மலிவு கிட்டார்கள் கிராமத்துக்கு வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் சிகரெட் சுருட்டை ஓரங்கட்டியது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் சுருட்டுப் பெட்டியை ஒருமுறை மறுபடி கையில் எடுக்க வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெட்டிகள் பெரும்பாலும் அட்டைக்கு மாறின. அட்டையில் கம்பி கட்ட முடியாது. 1990களில் விலை உயர்ந்த சுருட்டின் மேல் அமெரிக்காவுக்கு மோகம் வந்தபோது மரப்பெட்டியும் திரும்பி வந்தது. பென்சில்வேனியாவின் ஷேன் ஸ்பீல் போன்றவர்கள் செய்முறையைப் பரப்பினார்கள். பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தார்கள். வில்லியம் ஜீல் 2010இல் இதற்கென்றே ஒரு வரலாற்று நூல் எழுதினார். 2012 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், புயல் நிவாரணத்துக்காக நடந்த கச்சேரியில், பால் மெக்கார்ட்னி சுருட்டுப் பெட்டி கிட்டாரோடு மேடையேறினார்.

பழைய வாத்தியங்கள் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் அடிப்பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டும் கிழிந்த முத்திரைத்தாளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். சீட்டை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்த வரி மாவட்டம், எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம். முத்திரையை வைத்து ஏறக்குறைய எந்த ஆண்டு என்றும் சொல்லலாம். சுருட்டு சுற்றிய முதலாளி அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கிறார். துளை போட்டு, தண்டி செருகி, கம்பி கட்டியவர் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை. தண்டியின் ஓரத்தில், விரல் அடிக்கடி போய் நின்ற இடங்களில், மரம் தேய்ந்து பள்ளமாகி இருக்கிறது.

(தொடரும்)